இரேடியம் புரோமைட்டு

இரேடியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டு உலோகம் புரோமினோடு சேர்ந்து தரும் உப்பு. புதிதாகப் பளிங்காகும்போது வெள்ளை. நாட்பட மஞ்சளாகிப் பழுப்பேறும். தன் கதிர்களாலேயே சிதைந்து புரோமினைக் கசியவிடும். இருட்டில் தானே ஒளிரும். மூடிய கண்ணாடிக் குழாயில் இட்டால் ரேடனும் ஈலியமும் திரண்டு அமுக்கம் ஏறும். இந்த உப்பிலிருந்து வந்த வாயுவில்தான் 1903இல் வில்லியம் ராம்சேயும் பிரடெரிக் சொடியும் ஈலியத்தைக் கண்டார்கள்.

கியூரி தம்பதியர் 1898இல் இரேடியத்தை அறிவித்தனர். அதைப் பேரியத்திலிருந்து பிரிப்பதுதான் பெரும்பாடு: இரண்டின் இரசாயனமும் ஏறக்குறைய ஒன்றே. இரேடிய உப்பு சற்றுக் குறைவாகக் கரையும், அவ்வளவுதான் வேற்றுமை. கரைசலைக் காய்ச்சி, ஆறவிட்டு, முதலில் விழும் பளிங்கை எடுத்து மறுபடி கரைக்க வேண்டும். இப்படியே திரும்பத் திரும்ப. 1902இல் மேரி கியூரியின் கையில் இருந்த தூய குளோரைட்டு ஒரு கிராமில் பத்திலொரு பங்கு. ஜெர்மனியரான பிரீட்ரிக் கீசல் குளோரைட்டை விட்டுப் புரோமைட்டைக் கையிலெடுத்த பிறகு வேலை வெகுவாகச் சுருங்கியது.

இலங்கையின் பங்கு 1904இல் தொடங்குகிறது. பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கக் கற்சரளையில் கிடைத்த, கைக்குக் கனக்கும் சிறு கருங்கனசதுரங்களை ஆராய்ந்தவர் கனிப்பொருள் அளவைத் தலைவர் ஆனந்த குமாரசுவாமி. ஆம், பின்னாளில் கலை ஆய்வாளராகப் புகழ்பெற்ற அவரேதான். யுரேனியக் கனிப்பொருள் என்றே முதலில் எண்ணப்பட்டது. பகுத்தபோது பெரும்பகுதி தோரியம். தோரியனைற்று என்று பெயரிட்டார்கள்.

அதிலிருந்து எடுத்த பேரிய உப்பை ராம்சே, இலண்டனுக்கு வந்திருந்த ஓட்டோ ஹானிடம் கொடுத்து இரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். சேதன இரசாயனம் படித்த ஹான் அதுவரை இரேடியத்தைத் தொட்டதில்லை. புரோமைட்டாக்கிப் பளிங்காக்கினார். இரேடியம் பளிங்கோடு போயிற்று. எஞ்சிய நீரிலோ தோரியத்தைவிடப் பன்மடங்கு வீரியமான ஒன்று தங்கியது. 1905இல் இரேடியோதோரியம் என்ற பெயரில் வெளியான அது, இன்றைய கணக்கில் தோரியம்-228, அரைவாழ்வு 1.9 ஆண்டுகள்.

பளிங்குக்குள் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. 1907இல் பேர்லினில் ஹான் கண்ட மீசோதோரியம் இரேடியம்-228தான். அதை இரேடியத்திலிருந்து எந்தப் பளிங்காக்கத்தாலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் அதுவும் இரேடியமே. பெற்றோல்மாக்ஸ் மென்டிலுக்குத் தோரியம் எடுத்த ஆலைகளின் கழிவிலிருந்து வந்த இதன் புரோமைட்டு, இரேடியத்துக்கு மலிவு மாற்றாக மருத்துவத்துக்கும் ஒளிரும் மைக்கும் போனது.

இலங்கையின் வடகிழக்கே கொக்கிளாய்–புல்மோட்டைக் கரை மணலில் இல்மனைற்றோடு மொனசைற்றும் சிறிதளவு உண்டு. அதிலுள்ள தோரியம் இன்றும் மீசோதோரியத்தைப் பிறப்பித்துக்கொண்டிருக்கிறது.