செண்பகம்

செண்பகம் (சண்பகம்) மக்னோலியாக் குடும்பத்தைச் சேர்ந்த பசுமைமாறா மரம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இமய அடிவாரம், தென்கிழக்காசியா வரை இயற்கையாக வளர்கிறது. 30 மீட்டருக்கு மேல் உயரக்கூடியது. லின்னேயசு 1753இல் இதற்கு மிக்கேலியா சம்பகா என்று பெயரிட்டார். இன்று மக்னோலியாப் பேரினத்தில் வைக்கப்படுகிறது.

பூவில்லாத காலத்தில் அடையாளம் காணக் கிளை நுனியைப் பார்க்க வேண்டும். தளிரைப் போர்த்தியிருக்கும் செதில் உதிர்ந்ததும், ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றி வளையத் தழும்பு தங்கிவிடும். இது நம்பகமான அடையாளம். இலைகள் நீண்டு, கூர்நுனியுடன் மாறிமாறி அமையும். மஞ்சள் முதல் ஆரஞ்சு வரையான பூக்கள் இலைக்கக்கத்தில் தனித்தனியே பூக்கும். இவற்றில் புல்லியும் அல்லியும் வேறுபடுவதில்லை; எல்லாம் ஒரே மாதிரி ஒடுங்கிய இதழ்கள். காய்கள் கொத்தாக வெடித்து, சிவந்த சதை போர்த்த விதைகளைக் காட்டும். பறவைகள் அவற்றைத் தின்று பரப்பும். நீலகிரி, இலங்கை மலைச் சோலைகளின் காட்டுச்செண்பகம் வெண்ணிறப் பூக்கொண்ட வேறு இனம்.

பூ கூந்தலுக்கும் பூசைக்கும் உரியது. அதிலிருந்து அத்தர் எடுக்கிறார்கள். மரம் அறைகலனுக்கும் ஒட்டுப்பலகைக்கும் உதவுகிறது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் சண்பகம் உண்டு. திருநாகேசுவரத்தில் இது தலமரம். குற்றாலத்துச் செண்பகாதேவி அருவியின் பெயரிலும் இம்மரம் இருக்கிறது. விதை விரைவில் முளைப்புத்திறனை இழப்பதால் பறித்தவுடன், சதை நீக்கி விதைப்பதே நல்லது.