புதிய பணியில் இருக்கும்போது கர்ப்பம்: மகப்பேறு ஊதியம் பெறும் உரிமை

வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே கருவுற்றிருப்பதை அறியும் பெண்களும், கருவுற்ற நிலையில் புதிய வேலையில் சேரும் பெண்களும் கர்ப்பகாலப் பரிசோதனையின்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "ஓராண்டு நிறைவடையாமல் எனக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடைக்குமா?" கிடைக்காது என்று எண்ணிச் சிலர் கர்ப்பத்தை மறைக்கின்றனர்; சிலர் பரிசோதனைக்கு வருவதைத் தள்ளிப்போடுகின்றனர்; சிலர் வேலையையே விட்டுவிடுகின்றனர். சட்டம் ஓராண்டுப் பணியைக் கேட்பதில்லை. அது கேட்பது 80 நாட்கள்.

80 நாள் விதி

எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களுக்குள், தற்போதைய முதலாளியிடம் குறைந்தது 80 நாட்கள் வேலை செய்திருந்தால் நீங்கள் மகப்பேறு ஊதியம் பெறத் தகுதி உடையவர். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்த இந்த விதி, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. தொழிற்சாலைகள், சுரங்கங்கள், தோட்டங்கள், 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகள், நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். அரசு ஊழியர்களுக்குத் தனி விடுப்பு விதிகள் உள்ளன.

இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்:

1. முந்தைய நிறுவனத்தில் வேலை செய்த நாட்கள் இந்த 80 நாட்களில் சேராது.
2. சட்டப்படி ஊதியத்துடன் வழங்கப்படும் விடுமுறை நாட்களும், முதலாளி வேலை வழங்க இயலாமல் நிறுத்தி வைத்த நாட்களும் கணக்கில் சேரும்.
3. தகுதிகாண் காலத்தில் இருப்பது இவ்வுரிமைக்குத் தடையன்று. தினக்கூலிப் பெண்களுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு நலன் தொடர வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2023-இல் கூறியது.

கணக்கிடும் முறை

உங்கள் பிரசவத் தேதி 2026 அக்டோபர் 10 என்று கொள்வோம். மார்ச் 2 அன்று, ஏறத்தாழ இரண்டு மாதக் கர்ப்பிணியாக, வாரம் ஆறு நாள் வேலையில் சேர்கிறீர்கள். விடுப்பு எடுக்காவிட்டால் ஜூன் 2 அன்று 80 நாட்கள் நிறைவடையும். பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடிய எட்டு வார விடுப்பு ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கும் என்பதால் உங்கள் தகுதியில் ஐயமில்லை. மாறாக, ஜூலை 20 அன்று வேலையில் சேர்ந்திருந்தால், பிரசவத்துக்கு முந்தைய நாள்வரை உழைத்தாலும் 80 நாட்கள் எட்டாது.

இந்தக் கணக்கு முழுவதும் பிரசவத் தேதியைச் சார்ந்தது. ஆகவே 12 வாரங்களுக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யுங்கள். மாதவிடாய்த் தேதி நினைவில் இல்லாதவர்களுக்கு, தொடக்க வாரங்களில் எடுக்கப்படும் ஸ்கேன் பின்னாளில் எடுப்பதைவிட நம்பகமான தேதியைத் தரும்.

எவ்வளவு கிடைக்கும்?

உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால் 26 வாரங்கள். அவற்றில் எட்டு வாரங்கள் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால் 12 வாரங்கள். விடுப்பில் செல்வதற்கு முந்தைய மூன்று மாதங்களின் சராசரி நாள் ஊதியம் முழுமையாக வழங்கப்படும். வார ஓய்வு நாளுக்கும் ஊதியம் உண்டு. கோயம்புத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இல் இதை உறுதி செய்தது. கருச்சிதைவு ஏற்பட்டால் ஆறு வார விடுப்பு உண்டு.

இ.எஸ்.ஐ. உறுப்பினர்கள்

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாமல், இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கப்பட்டவராயின், ஊதியத்தை இ.எஸ்.ஐ. கழகம் வழங்கும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இங்கு முந்தைய நிறுவனத்தின் நாட்களும் சேரும். எனவே புதிய நிறுவனத்தில் பழைய காப்பீட்டு எண்ணையே கொடுங்கள். புதிய எண் பெற்றால் பழைய பங்களிப்பு கணக்கில் வராமல் போகலாம். முதன்முறையாகக் காப்பீட்டில் சேர்பவருக்குப் பணப்பலன் காலம் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதங்கள் கழித்தே தொடங்கும். பிரசவம் அதற்கு முன் வருமெனில், உங்கள் நிலை என்ன என்பதை முன்கூட்டியே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

தகுதி எட்டவில்லை எனில்

மருத்துவ உதவி வேலையைச் சார்ந்ததன்று. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பகாலப் பரிசோதனையும் பிரசவமும் இலவசம். ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த, 19 வயது நிறைந்த தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் உள்ளது. ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் மதிப்பிலான இந்த உதவி தவணைகளாக வழங்கப்படுகிறது. உங்கள் பகுதிக் கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் பிக்மி எண் பெறுவது முதற்படி.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பணியில் சேரும்போதே மகப்பேறு நலன்களை எழுத்து மூலமும் மின்னணு முறையிலும் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. தராவிட்டால் கேட்டுப் பெறுங்கள்.
• நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவின் நகல் ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள்.
• பிரசவத் தேதி குறிப்பிட்ட மருத்துவச் சான்றுடன் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுங்கள். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான ஊதியம் முன்கூட்டியே வழங்கப்பட வேண்டும். எஞ்சியது, குழந்தை பிறந்ததற்கான சான்று அளித்த 48 மணி நேரத்துக்குள்.
• அறிவிப்புக் கொடுக்கத் தவறியிருந்தாலும் உரிமை போய்விடாது. பிரசவத்துக்குப் பின் விரைவில் கொடுக்கலாம்.
• கர்ப்பத்தின்போது வேலையிலிருந்து நீக்கினாலும், கடுமையான ஒழுங்கீனம் காரணமாக இருந்தாலன்றி, கிடைக்க வேண்டிய மகப்பேறு ஊதியத்தை மறுக்க இயலாது. நீக்க ஆணை கிடைத்த 60 நாட்களுக்குள் தொழிலாளர் துறையில் முறையிடுங்கள்.

நாட்களை எண்ணும்போது

80 நாட்களை நிறைவு செய்வதற்காக உடல் தரும் எச்சரிக்கைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். உதிரப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கைகளிலும் வீக்கம், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கர்ப்பத்தால் உண்டாகும் நோய்க்கு, மருத்துவச் சான்றின் பேரில், ஊதியத்துடன் கூடுதலாக ஒரு மாதம் வரை விடுப்பு பெறச் சட்டத்தில் இடமுண்டு.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: சான்றுகளைத் திரட்டுவதையும் அலுவலகங்களுக்குச் செல்வதையும் இயன்றவரை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை இடத்தில் எப்போது சொல்வது என்பது கர்ப்பிணியின் முடிவு. மருத்துவரிடம் சொல்வதை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.