துண்டும் தாபரிப்பும்: மலைநாட்டுத் தோட்டங்களிற் பிள்ளைப் பராமரிப்புச் சட்டத்தின் வரலாறு

இலங்கைச் சட்டநிரூபண சபை 1889ஆம் ஆண்டில் இயற்றிய கட்டளைச் சட்டங்களுள் இரண்டு, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை ஆராய்வோர் ஒருசேர வைத்து நோக்கவேண்டியவை. ஒன்று 13ஆம் இலக்கம். தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளரைப் பற்றியது. அவர்களைக் 'கூலிகள்' என்றே அச்சட்டம் தலைப்பிற் குறித்தது. மற்றையது 19ஆம் இலக்கம். தாபரிப்புக் கட்டளைச் சட்டம் எனப் பெயர் பெற்றது. முன்னது தொழிலாளியின் பதிவு, ஒப்பந்தம், சம்பளம் ஆகியவற்றை வகுத்தது. பின்னது மனைவிக்கும் பிள்ளைக்கும் சோறு போடாத ஆடவனை நீதவான் முன் நிறுத்த வழி செய்தது. ஒரே சபை ஒரே ஆண்டில் இயற்றிய இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாதன போல நெடுங்காலம் வாழ்ந்தன என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

அதற்கு முன்னர் நிலைமை யாது? பிள்ளையைப் பேணும் கடமை தந்தைக்கு உண்டென்பதை உரோமன் டச்சுச் சட்டம் ஏற்றிருந்தது. குடும்பத்தைக் கைவிட்டவனைத் தண்டிக்க 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டமும் இருந்தது. ஆயின் தண்டனை வேறு, மாதந்தோறும் பிள்ளையின் கைக்கு வரும் காசு வேறு. 1889ஆம் ஆண்டுச் சட்டமே அக்காசைக் கேட்டுப் பெறும் எளிய வழியைத் திறந்தது. அதன் மூலவாசகம் பெரும்பாலும் இந்தியாவின் 1882ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டத்தின் 488ஆம் பிரிவை ஒத்தது. எனவே லிந்துலைத் தோட்டமொன்றில் வாழ்ந்த பெண்ணும், சேலத்திலோ திருச்சியிலோ இருந்த அவளுடைய தமக்கையும் ஏறக்குறைய ஒரே சட்டத்தின் கீழ்த் தம் பிள்ளைகளுக்காக வழக்காடியிருத்தல் கூடும். யாழ்ப்பாணத்துத் தேசவழமை தோட்டத் தமிழரைத் தீண்டவில்லை. அவர்களுக்குப் பொதுச் சட்டமே சட்டம்.

அச்சட்டம் கூறியதன் பொருள் இது. போதிய வசதியுள்ள ஒருவன் தன் மனைவியையோ, தன்னைத்தானே பராமரிக்க இயலாத தன் பிள்ளையையோ பராமரிக்கத் தவறினால் அல்லது மறுத்தால், மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துமாறு நீதவான் பணிக்கலாம். பிள்ளை முறைமணத்திற் பிறந்ததோ, அதற்குப் புறத்தே பிறந்ததோ என்ற பேதம் உரிமையில் இல்லை. செலுத்தாவிடின் பிடியாணை பிறக்கும். அதன் பின்னும் நிலுவை நிற்குமாயின், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை. கொடுப்பவர் நிலையிலோ பெறுபவர் நிலையிலோ மாற்றம் நேர்ந்தமை காட்டப்பட்டால், நீதவான் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம், கட்டளையை அறவே நீக்கலாம்.

இனி இச்சொற்களைத் தோட்டத்திற்குக் கொண்டு செல்வோம். 'போதிய வசதி' என்பதை ஒரு கமக்காரனிடத்தோ வியாபாரியிடத்தோ நிறுவுவது கடினம். தோட்டத் தொழிலாளியிடத்தோ அது கைந்நெல்லிக்கனி. செக்றோல் அவன் வருவாயைச் சதம் பிசகாமற் சொல்லும். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தின்படி, 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. மாதத்தில் 25 நாள் பேர் விழுந்தால் ஆணுக்கு 13 ரூபா 50 சதம். அதிலும் அரிசிக் கணக்குக் கழியும். சட்டம் விதித்த தாபரிப்பு உச்சவரம்போ இம்முழுச் சம்பளத்துக்கும் மேலே எங்கோ நின்றது. அவ்வரம்பு தோட்டத் தந்தைக்காக எழுதப்பட்டதன்று.

'தன்னைத்தானே பராமரிக்க இயலாத பிள்ளை' என்ற தொடரோ இன்னும் கூர்மையானது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது அதே 1927ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வாறெனில் 10 வயது நிரம்பிய சிறுவன் பெரட்டுக்களத்தில் நிற்கலாம். 25 நாள் உழைத்தால் 8 ரூபா பெறலாம். அச்சிறுவன் தன்னைப் பராமரிக்க இயன்றவனா, இயலாதவனா? ஒரு சட்டம் அவனுக்குச் சம்பளம் வகுத்தது. மற்றொரு சட்டம் அவன் இயலாதவனாக இருந்தாற்றான் தந்தை கடன்பட்டவன் என்றது. கைவிடப்பட்ட தாய் தன் மகனை விரைவிற் செக்றோலிற் பதிய வைத்தால் அடுப்பெரியும். ஆனால் அப்பெயரே தந்தைக்கு விடுதலைச் சீட்டாகவும் அமையலாம். தோட்டப் பள்ளிக்கூடங்களின் வரலாற்றை எழுதுவோர், பிள்ளைகள் ஏன் இடையில் நின்றனர் என்ற வினாவுக்கு விடை தேடுங்கால் இவ்விடத்தையும் சற்று நோக்குதல் தகும்.

திருமணத்தைப் பற்றியும் ஒரு சொல். லயத்திலும் கோயிலிலும் தாலி கட்டி நடந்த மணங்கள் பலவற்றுக்குப் பதிவு இல்லை. எனினும் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, முறையாக மணந்தவர்களாகவே கொள்ளவேண்டும் என 1881இல் இலங்கையிலிருந்து சென்ற ஒரு தமிழர் வழக்கிற் பிரிவி கவுன்சில் தீர்த்திருந்தது. இத்தீர்ப்பு மலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெருந்துணை. முறைமணத்திற்குப் புறத்தே பிறந்தது என்று கொள்ளப்பட்ட பிள்ளைக்கோ இரு தடைகள் காத்திருந்தன. தாயின் சாட்சியம் மட்டும் போதாது, அதை முக்கிய அம்சமொன்றில் வேறு சான்று உறுதிப்படுத்த வேண்டும். பிள்ளை பிறந்து 12 மாதத்துள் மனு இடவேண்டும். அன்றேல் அக்காலத்துள் தந்தை பிள்ளைக்குச் செலவு செய்தமையேனும் காட்டவேண்டும். தந்தை அவ்வாண்டுக்குள் இலங்கையை விட்டு நீங்கியிருந்தால், அவன் திரும்பிய பின் 12 மாத அவகாசம் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்த இவ்விதி, ஊருக்குப் போய் வருதலை வாழ்க்கையின் ஒரு பகுதியாகக் கொண்டிருந்த தோட்ட மக்களுக்கெனவே எழுதப்பட்டது போலத் தோன்றும். ஆயின் பயன்? திரும்பி வருபவன் அதே தோட்டத்துக்கு வருவான் என்பது நிச்சயமன்று. பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவன் பேர் பதிந்தால், லிந்துலையிற் கொழுந்து பறிப்பவள் அதை எவ்வாறு அறிவாள்?

கடன் கொடுத்தவர்கள் மட்டும் அவன் போகுமிடத்தை அறிந்திருந்தார்கள். துண்டு முறை அதற்கென்றே அமைந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இத்தொழிலாளரை விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆளைப் பெறும். தொகை மறுபடியும் அவன் தலையில் ஏறும். இவ்வாறு பெரிய கங்காணியின் கணக்கிலிருந்த கடன் மலைக்கு மலை அவனைப் பின்தொடர்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டை ஒழிக்கும்வரை இஃது நீடித்தது. முன்பணமாக வாங்கிய ரூபாய்க்கு இத்துணை நுணுக்கமான காவல் செய்யத் தெரிந்த தோட்ட நிர்வாகத்துக்கு, அவன் விட்டுச் சென்ற பிள்ளையின் மாதத்தொகையை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு எழுதியனுப்ப ஒரு சீட்டுத் தோன்றவில்லை. தோன்றாமைக்குக் காரணம் தெளிவு. கடன் துரையினதும் கங்காணியினதும் நலன். தாபரிப்போ தாயின் நலன் மட்டுமே. சிறைத்தண்டனையும் அத்துணை உதவியன்று. சிறையிலிருப்பவனுக்குப் பேர் விழாது; பேர் விழாத மாதத்தில் பிள்ளைக்குக் கொடுக்க அவனிடம் யாதுமில்லை.

ஆதலால் பெரும்பாலான பிணக்குகள் நீதிமன்றத்தை அடையாமற் கோயில் முன்றலிலும் தலைவர்மார் முன்னிலையிலும் பேசி முடிக்கப்பட்டன. நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ வழக்குக்குச் செல்லும் தாய்க்கு அன்றைய பேர் போகும், பயணச் செலவும் சேரும். தவணைதோறும் இதே கதை. 1939க்குப் பின் இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கம் தோட்டங்களிற் கால்கொண்டதும், சங்கத் தலைவர் முன்னும் இத்தகைய முறைப்பாடுகள் வரலாயின. அங்கு பேசித் தீர்ந்தவை எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாத உடன்பாட்டைப் பின்னர் கூட்டவோ குறைக்கவோ எவரிடமும் கேட்க இயலாது. நீதிமன்றக் கட்டளையின் சிறப்பே அதுவன்றோ! சம்பளம் உயர்ந்தால் தாய் மனுவிடலாம். நோயால் வேலை குறைந்தால் தந்தை மனுவிடலாம். முன்னது நடவாவிடின் பிள்ளை பட்டினி, பின்னது நடவாவிடின் தந்தைக்குச் சிறை.

1964 ஒக்டோபர் 30இல் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. தந்தை ஒரு கரையிலும் தாய் மறுகரையிலும் நின்ற குடும்பங்கள் அதனால் உண்டாயின. ஹட்டன் நீதவானின் பிடியாணை நீலகிரியில் நேரே செல்லாது. 'சூழ்நிலை மாற்றம்' என்ற சட்டத்தொடருக்கு இதனினும் பெரிய உதாரணம் வேண்டுவதில்லை. ஆயினும் அதற்குரிய பரிகாரம் அச்சட்டத்துக்குள் இருக்கவில்லை.

110 ஆண்டுகள் நின்ற பழைய சட்டத்தை நீக்கி 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் வந்தது. கடமை தந்தைக்கு மட்டுமன்றி வசதியுள்ள பெற்றோர் எவருக்கும் உரியதாயிற்று. 18 வயதுக்குட்பட்டோர் பிள்ளைகள் எனப்பட்டனர். அதற்கு மேல் 25 வயது வரையுள்ளோரும், வலுக்குறைந்தோரும் தக்க நிலையிற் கோரலாம். மணத்துக்குப் புறத்தே பிறந்த பிள்ளைக்குப் பழைய சட்டம் கேட்ட உறுதிச் சாட்சிய நிபந்தனைக்குப் பதிலாக, ஏற்கத்தக்க வலுவான சான்று போதுமென்றாயிற்று. தோட்டத்தைப் பொறுத்தவரை யாவற்றினும் பெரிது வேறொன்று: கட்டளைத் தொகையை வேலைகொள்வோரே சம்பளத்திற் பிடித்துச் செலுத்துமாறு நீதிமன்றம் பணிக்கலாம் என்பது. துண்டு ஒழிந்து ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின், பிள்ளைக்கு உரியது செக்றோலில் ஏற வழி பிறந்தது. பெண் தொழிலாளருக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் 1984இலேயே கிடைத்துவிட்டதால், நீதவான் இப்பொழுது இருவர் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்.

ஆயின் செக்றோல் பழைய செக்றோலாக இல்லை. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தமை தொகையைக் கூட்டக் கேட்பதற்கு நல்ல காரணமே. எனினும் மாதத்தில் எத்தனை நாள் வேலை தரப்படுகிறது என்பதே வருவாயைத் தீர்மானிக்கிறது. கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவரின் உழைப்பு பழைய முறையிற் பேராகப் பதிவதில்லை. லிந்துலையிலும் அக்கரப்பத்தனையிலும் தலவாக்கலையிலும் இளைய தந்தையர் பலர் தோட்டத்தில் இல்லை. கொழும்புக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் நாட்கூலி பெறுகின்றனர். அவர்களுக்குச் சம்பளச்சீட்டும் இல்லை, பிடித்தம் செய்து செலுத்துமாறு கட்டளையிடத்தக்க வேலைகொள்வோரும் பெரும்பாலும் இல்லை. 'போதிய வசதி' உண்டென்பதை 1889இல் ஒரு கமக்காரனின் மனைவி எவ்வாறு நிறுவ வேண்டியிருந்ததோ, அவ்வாறே இன்று தோட்டத்துத் தாயும், ஊரார் சாட்சியத்தையும் அவன் அனுப்பிய பழைய காசின் பற்றுச்சீட்டுகளையும் கொண்டு நிறுவ வேண்டியவளாகிறாள்.