கட்டடப் போட்டியும் ஆட்சியதிகாரமும்: சென்னைச் செனட் மண்டபம் குறித்துச் சில சிந்தனைகள்

சம்மாந்துறை, கல்முனைப் பகுதிப் பள்ளிவாசல்களின் குவிமாடங்களையும் வளைவுகளையும் காண்போர் அவற்றைச் சமய அடையாளங்களாகவே கொள்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையிலோ அதே உறுப்புகள் பிரித்தானிய ஆட்சியின் அடையாளமாகவும் கையாளப்பட்டன. இதன் பின்னணியில் ஒரு வரைவுப் போட்டியும் அதனைச் சூழ்ந்த அதிகார உறவுகளும் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

1864இல் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்துக்கும் சென்னை அரசாங்கம் வரைவுகளைக் கோரியது. ரொபேட் ஃபெலோஸ் சிஸ்ஹோம் என்னும் இளைஞர் வென்றார். 1870இல் திறக்கப்பட்ட கல்லூரி இத்தாலியப் பாணியைத் தழுவியது. ஆயின் 1874க்கும் 1879க்குமிடையில் அவரே எழுப்பிய செனட் மண்டபம் இந்தோ-சரசனிக் பாணியில் அமைந்தது. போட்டியில் வென்றவர் தம் பாணியை மாற்றியது எதனால்?

இதற்கான விடையைத் தனிமனித ரசனையில் மட்டும் தேடுதல் பொருந்தாது. 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு, அரசாங்கக் கட்டடங்களுக்கு முஸ்லிம் கட்டடப் பாணியே உகந்ததென 1870இல் உரையாற்றினார். 1857 எழுச்சியின் பின்னர், தம்மை முகலாயரின் வாரிசுகளாகக் காட்டிக்கொள்ளும் தேவை ஆட்சியாளர்க்கு இருந்தது. 1855இல் ஆர்க்காட்டு நவாப் பதவியை ஒழித்து, சேப்பாக்கம் அரண்மனையையும் கைக்கொண்ட அரசாங்கமே அவ்வரண்மனையின் கலையைத் தன் அணிகலனாக்கியது. அரண்மனையோடு இணைத்து வருவாய்ச் சபைக் கட்டடத்தை அமைத்தவரும் சிஸ்ஹோமே. புரவலரின் விருப்பம் கலைஞனின் பாணியாயிற்று.

பம்பாயில் நிலைமை வேறு. மாநகராட்சிக் கட்டடத்துக்காகச் சிஸ்ஹோமின் சரசனிக் வரைவும் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸின் கோதிக் வரைவும் எதிரெதிர் நின்றபோது, 1893இல் நிறைவெய்தியது ஸ்டீவன்ஸின் கட்டடமே. கோதிக் பாணியைத் தன் பெருமையாகக் கொண்ட வணிக நகரத்தில் சென்னை ஆளுநரின் விருப்பம் செல்லுபடியாகவில்லை.

விதிகளும் நடுநிலையானவை அல்ல. ஜெனீவாவிற் சர்வதேச சங்க மாளிகைக்கு 1927இல் 377 வரைவுகள் வந்தன. லெ கொர்பூசியேயின் வரைவு, மையில் வரைந்த மூலப்படி அன்று என்ற காரணங் காட்டி ஒதுக்கப்பட்டது. பணி இறுதியில் ஐவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்வனைத்துக்கும் அப்பால் ஒரு வினா எஞ்சுகிறது. சிஸ்ஹோம் உள்நாட்டுக் கைவினைஞரை மதித்தவர். சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராகவும் விளங்கியவர். எனினும் வரைபடமும் மதிப்பீடும் கேட்ட போட்டியில், அப்பாணியை வழிவழியாகக் கையிற் கொண்டிருந்த கொத்தருக்கும் தச்சருக்கும் போட்டியாளர் என்ற தகுதி இருக்கவில்லை. அவர்கள் கூலியாட்களாகவே உள்ளே வந்தனர். எனவே எந்தப் போட்டியையும் ஆராய்வோர் வென்றவர் யார், தோற்றவர் யார் எனக் கேட்பதோடு அமையாது, பங்குபற்றவே இயலாதிருந்தவர் யார் எனவும் கேட்டல் வேண்டும். கட்டடக்கலை வரலாறு மக்கள் வரலாறாவது அவ்வினாவிலிருந்தேயாம்.