மீள்வரு டி.என்.ஏ. ஆய்வின் வரலாறு

மீள்வரு டி.என்.ஏ. என்பது ஓர் உயிரினத்தின் மரபணுத்தொகையில் ஒரே வரிசை பலமுறை திரும்பத் திரும்ப அமைந்த பகுதியாகும். சில அடுத்தடுத்து அமைந்துள்ளன. வேறு சில எங்கும் சிதறியுள்ளன. சிதறியவற்றுள் பெரும்பாலானவை, இடம் மாறும் கூறுகள் தம்மைப் படியெடுத்துப் பெருகியதால் உண்டானவை.

மக்காச்சோள ஆய்வு

1940களில் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஆர்பரில் பார்பரா மெக்ளின்டாக் (1902–1992), புள்ளியும் திட்டும் கொண்ட மக்காச்சோள மணிகளை ஆராய்ந்தார். நிறம் தரும் மரபணுவுக்குள் ஒரு கூறு புகுந்தால் மணி நிறம் இழக்கிறது. மணி வளரும்போது ஒரு செல்லிலிருந்து அக்கூறு வெளியேறினால், அச்செல்லின் வழிவந்த பகுதி மட்டும் மீண்டும் நிறம் பெறுகிறது. முன்னதாக வெளியேறினால் பெரிய திட்டு. பிந்தினால் சிறு புள்ளி. இம்முடிவுகளை அவர் 1950இல் கட்டுரையாகவும், 1951இல் ஒரு கருத்தரங்கிலும் வெளியிட்டார். குரோமோசோமில் மரபணுக்கள் நிலையான இடத்தில் இருப்பவை என்று நம்பப்பட்ட காலம் அது. பலர் அவர் கருத்தை ஏற்கவில்லை. பின்னர் அவர் இதுபற்றி வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டார், ஆய்வைக் கைவிடவில்லை.

‘குப்பை’ என்ற பெயர்

1968இல் ராய் பிரிட்டனும் டேவிட் கோனும், பிரிக்கப்பட்ட டி.என்.ஏ. இழைகளில் ஒரு பகுதி மிக விரைவாக மீண்டும் இணைவதைக் காட்டினர். ஒரே வரிசைக்குப் பல படிகள் இருந்ததால் இணை எளிதில் கிடைத்தது. 1972இல் சுசுமு ஓனோ பயன்படுத்திய ‘குப்பை டி.என்.ஏ.’ என்ற சொல், புரதத்தைக் குறிக்காத பகுதிகள் அனைத்துக்கும் பரவியது. இதற்கிடையே பாக்டீரியாவிலும் இடம் மாறும் கூறுகள் கண்டறியப்பட்டன. 1983இல், தமது 81ஆம் வயதில், மெக்ளின்டாக் மருத்துவ நோபல் பரிசைத் தனியாகப் பெற்றார்.

பரிணாமத்தில் பங்கு

மனித மரபணுத்தொகையில் ஏறத்தாழப் பாதி மீள்வரு வரிசைகளே என்று 2001இல் வெளியான முதல் வரைவு காட்டியது. மக்காச்சோளத்தில் இடம் மாறும் கூறுகள் மட்டும் சுமார் 85 விழுக்காடு.

இவற்றால் தீமையும் உண்டு. ஒரு மரபணுவில் மூன்றெழுத்து வரிசை அளவுக்கு மீறி நீள்வதே ஹண்டிங்டன் நோய்க்குக் காரணம் என 1993இல் அறியப்பட்டது. நன்மைக்கும் சான்று உண்டு. தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் புகைபடிந்த மரங்களில் பறவைகளிடமிருந்து தப்பிய கருநிற அந்துப்பூச்சியின் நிறம், இடம் மாறும் கூறு ஒன்று புகுந்ததால் தோன்றியது என 2016இல் தெரியவந்தது.

எனவே மீள்வரு டி.என்.ஏ. முழுவதும் பயனுள்ளது என்பதும் சரியன்று, வெறும் குப்பை என்பதும் சரியன்று. அது மாறுபாடுகளைத் தோற்றுவிக்கிறது. அவற்றுள் எது நிலைக்கும் என்பதை இயற்கைத் தேர்வும் தற்செயலும் தீர்மானிக்கின்றன. மெண்டலின் சுருங்கிய பட்டாணிக்கும் மரபணுவில் புகுந்த இத்தகைய கூறே காரணம் என்று 1990இல் விளக்கப்பட்டது. மரபியல் பாடத்தின் முதல் எடுத்துக்காட்டிலேயே மெக்ளின்டாக்கின் தாவும் கூறு இருந்திருக்கிறது.