காணாத மாணவருக்குக் கற்பித்தோர்

இஷாத் தொழுகையை முடித்து வீடு திரும்பும்போது, எங்கள் இல்லத்து மாடியறையிலிருந்து என் மகளின் குரல் கேட்கும். பின்னங்களைக் கூட்டும் முறையை அவள் விளக்கிக் கொண்டிருப்பாள். எதிரே பிள்ளைகள் எவரும் இரார். மேசைமீது ஒரு கணினி மட்டுமே இருக்கும். அதனூடே கடல்கடந்த ஊர்களில் அமர்ந்திருக்கும் பதினைந்து இருபது பிள்ளைகள் அவளுடைய பாடத்தைக் கேட்டுக் கொண்டிருப்பர். இணையவழிப் பள்ளி ஒன்றின் ஆசிரியை அவள்.

அண்மையில் எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "பிள்ளையை இவ்வளவு படிக்க வைத்தீர்களே, வேலைக்கு ஒன்றும் அனுப்பவில்லையா?" என்று வினவினார். மகள் புன்னகைத்தாள். அவர் சென்ற பின்னர், "வாப்பா, வாசற்படி தாண்டிப் போய்வந்தால்தான் அது வேலை என்று எல்லாரும் எண்ணுகிறார்கள்" என்றாள். அக்குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. அந்தக் களைப்பே என்னை வரலாற்று நூல்களின் பக்கம் திருப்பியது. முகம் காணாத மாணவருக்குக் கற்பிக்கும் இத்தொழில் நேற்று முளைத்ததுதானா? இதைச் செய்தோர் எவர்? உலகம் அவர்களை எங்ஙனம் நடத்தியது? நான் கண்டறிந்தவற்றை வாசக அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

நேரில் காணாத ஆசானிடமிருந்து பெறும் கல்வி செல்லுமா என்ற வினா நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள், நபிமொழி ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சென்றடையும் வழிகளை எட்டாக வகுத்தனர். ஆசான் ஓதக் கேட்பதும், மாணவர் ஓத ஆசான் செவிமடுப்பதும் அவற்றுள் முதன்மை பெறுவன. ஐந்தாவது வழிக்கு 'முகாத்தபா' என்று பெயர். தொலைவிலுள்ள மாணவருக்கு ஆசான் தம் கையாலோ, எழுத்தர் ஒருவரைக் கொண்டோ எழுதி அனுப்புவது அது. திமிஷ்கில் வாழ்ந்து ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் அவர்கள், ஹதீஸ் கலை பற்றிய தமது பெருநூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். மடலைப் பெறுபவர், எழுதியவரின் கையெழுத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்பது அங்கே பேசப்படும் நிபந்தனை. தொலைவிலிருந்து வரும் கல்வி ஏற்கத்தக்கதே. ஆயினும் இருவரிடையே நம்பிக்கைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்பது இதன் கருத்து. இன்றைய இணையப் பள்ளிகளும் இந்த அடையாளத்தைத்தான் தேடிக் கொண்டிருக்கின்றன.

அஞ்சல் மலிவானபோது இம்முறை பொதுமக்களிடம் பரவியது. இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு ஒரு பென்னிக்கு நாட்டின் எம்மூலைக்கும் மடல் அனுப்பும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பாத் நகரில் வாழ்ந்த ஐசக் பிட்மன், தாம் வகுத்த சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்பிய பயிற்சியைத் திருத்தி மறு அஞ்சலில் அனுப்பினார். பின்னர் அவருடைய அன்பர்கள் பலர் கட்டணம் பெறாமலே இத்திருத்தப் பணியை ஏற்றுக் கொண்டனர். பாடத்தை அனுப்புவது மட்டும் கல்வி ஆகாது, திருத்தி அனுப்புவதே கல்வி என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். தொலைவழிக் கல்வியின் உயிர்நிலை இதுவே எனல் மிகையன்று.

இனி அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகருக்குச் செல்வோம். அங்கே ஜார்ஜ் டிக்னர் என்ற பேரறிஞர் இருந்தார். ஹார்வர்டில் பேராசிரியராக விளங்கிய அவர், 1849இல் ஸ்பானிய இலக்கிய வரலாற்றை வெளியிட்டார். நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாடும் பழங்காவியம் ஒன்றை அதன் பிற்சேர்க்கையில் அச்சேற்றினார். அரபுத் தமிழ் அறிந்த நமக்கு அக்காவியத்தில் தனி உவகை உண்டு. ஏனெனில், அது ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதிய ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது. இப்பேரறிஞரின் மகள் அன்னா எலியட் டிக்னர். தந்தை கற்பித்த பல்கலைக்கழகத்தில் பெண்கள் மாணவியராகச் சேர இடமில்லாத காலம் அது.

அன்னா அம்மையார் 1873ஆம் ஆண்டு 'இல்லக் கல்வி ஊக்குவிப்புச் சங்கம்' என்னும் பொருள்படும் ஓர் அமைப்பை நிறுவினார். முதற் பருவத்தில் சேர்ந்த மாணவியர் 45 பேர். வரலாறு, அறிவியல், கலை, இலக்கியம், மொழிகள் முதலியன கற்பிக்கப்பட்டன. மாணவியர் வீட்டிலிருந்தவாறே நூலைப் படிப்பர். படித்ததை நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுவர். மாதந்தோறும் ஆசிரியைக்கு மடல் வரைவர். ஆசிரியை அதனைப் படித்து, பிழை காட்டி, ஐயம் தீர்த்து மறுமொழி எழுதுவார். நூல் வாங்க வழியற்றோர்க்குச் சங்கத்தின் நூலகம் அஞ்சலில் நூல்களை இரவலாக அனுப்பியது. 24 ஆண்டுகளில் 7,000க்கும் மேற்பட்ட பெண்கள் இவ்வழியில் கற்றனர்.

கற்பித்த ஆசிரியையருள் ஒருவர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. சங்கத்தின் அறிவியல் பிரிவை அவர் நடத்தி வந்தார். மாணவியரின் மடல்களில் அவர் கண்டது தாவரவியல் ஐயங்களை மட்டுமன்று. வீட்டு வேலையின் சுமை, உடல்நலக் குறைவு, தனிமை ஆகியன வரிகளுக்கிடையே தலைகாட்டின. உணவு, காற்றோட்டம், உடல்நலம் குறித்தும் அவர் மறுமொழி எழுதலானார். பின்னாளில் மனையியல் என்னும் துறை உருவாக அவர் முன்னின்றதற்கு இந்த மடல்கள் தந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஆனால், இந்த ஆசிரியையர் பெற்ற ஊதியம் யாது? ஒன்றுமில்லை. அனைவரும் ஊதியம் பெறாத தொண்டர்கள். அன்னா அம்மையாரோ விளம்பரத்தை விரும்பாதவர். பெரும்பணியைத் தம் இல்லத்திலிருந்தே அமைதியாக நடத்தினார். 1896இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே சங்கம் கலைந்தது. செல்வக் குடும்பத்துப் பெண்களின் ஓய்வுநேரத் தொண்டாக அது நடந்தபடியால், அது ஒரு தொழில் என்ற மதிப்பைப் பெறவில்லை. வீட்டிலிருந்து செய்யும் பணிக்கு விலை இல்லை என்ற எண்ணத்தின் ஒரு வேர் இங்கேயும் இருக்கின்றது.

மடலில் சென்ற கல்விக்குக் குரல் கிடைத்த இடம் ஆஸ்திரேலியாவின் நடுப்பாலை. முற்காலத்தில் அங்கே ஒட்டகங்களில் சரக்கு ஏற்றிச் சென்றோர் 'ஆப்கானியர்' என்று பொதுவாக அழைக்கப்பட்ட முஸ்லிம்கள். அவ்வழியே ஓடும் இரயில்வண்டி இன்றும் 'கான்' என்னும் பெயர் தாங்கியுள்ளது. அப்பெரும்பரப்பில் மாட்டுப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் கிடந்தன. பறக்கும் மருத்துவர் பணிக்காக அங்கே வானொலிக் கருவிகள் வைக்கப்பட்டிருந்தன. 1929 அளவில் ஆல்பிரட் டிரேகர் அமைத்த, காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் கருவி அவற்றின் முன்னோடி. 1944இல் அங்குச் சென்ற அடிலெய்ட் மீத்கி என்ற கல்வியாளர், பண்ணைப் பிள்ளைகள் பிறரோடு பழக வாய்ப்பின்றிக் கூச்சமுற்றிருப்பதைக் கண்டார். மருத்துவரை அழைக்கும் கருவியால் ஆசிரியரையும் அழைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. இவ்வெண்ணத்தின் பயனாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951 ஜூன் 8ஆம் நாள் 'வானொலிப் பள்ளி' முறைப்படி திறக்கப்பட்டது.

அப்பள்ளி ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒலிவாங்கி முன் அவர் தனியே அமர்ந்திருப்பார். ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும். ஒருவர் முடித்த பின்னரே மற்றவர் தொடங்க வேண்டும். வகுப்பறை ஆசிரியர், பிள்ளையின் கண்ணைப் பார்த்தே பாடம் புரிந்ததா என்று அறிவார். வானொலி ஆசிரியரோ, வானின் இரைச்சலுக்கிடையே வரும் குரலின் தயக்கத்தைக் கொண்டே அதனை உய்த்துணர வேண்டும். பிள்ளையின் அருகில் அமர்ந்து எழுத வைத்தவர் பெரும்பாலும் அதன் தாயே. ஆக, ஆசிரியர் ஒருவர் அல்லர், இருவர். அதில் ஒருவரின் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை. இப்பள்ளி பணிபுரியும் பரப்பு ஏறத்தாழ 13 இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் பத்து மடங்கு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வானொலி போய்ச் செயற்கைக்கோள் வழி இணையம் வந்தது. ஆயினும், ஆசிரியர்கள் பாலையில் நெடும்பயணம் செய்து மாணவரை அவர்தம் வீட்டிலேயே சென்று காணும் வழக்கத்தைப் பள்ளி கைவிடவில்லை. எத்துணைக் கருவி வந்தாலும் ஒருமுறையேனும் முகம் காண வேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள்.

இவ்வகைக் கல்வியைப் பெருநிறுவனமாக்கியது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். ஹரால்டு வில்சன் 1963இல் பேசிய எண்ணத்துக்கு, அமைச்சர் ஜென்னி லீ அம்மையார் உருவம் கொடுத்தார். 1969இல் அரச பட்டயம் கிடைத்தது. 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவரோடு கல்வி தொடங்கியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடங்கள் ஒளிபரப்பானமையால் உலகின் பார்வை அவற்றின்மீது விழுந்தது. ஆனால், உண்மையான கற்பித்தல் நடந்த இடம் வேறு. பகுதிநேர ஆசிரியர்கள் தத்தம் வீட்டு மேசையில் அமர்ந்து, அஞ்சலில் வந்த விடைக்கட்டுகளைத் திருத்தினர். மதிப்பெண் இட்டால் மட்டும் போதாது. ஏன் தவறு, எப்படித் திருந்தலாம் என்று விளக்கம் எழுத வேண்டும். அவ்விளக்கமே அங்குப் பாடம். ஆசிரியர் எழுதிய குறிப்புகளை மூத்த ஆசிரியர்கள் எடுத்துப் பார்த்து அறிவுரை கூறும் ஏற்பாடும் இருந்தது.

இத்தகைய ஆசிரியர் ஆயிரக்கணக்கானோர் நெடுங்காலம் தவணை ஒப்பந்தத்தில்தான் பணிபுரிந்தனர். அவர்கள் பல்கலைக்கழகத்தின் நிலையான ஊழியராக ஆக்கப்பட்டது 2022இல். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அந்த வீட்டு மேசைக்கு நிலையான பணியிடம் என்ற தகுதி கிட்டியது என்பது சிந்திக்கத்தக்கது.

நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இலும், மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. பாகிஸ்தானில் 1974இல் தோன்றிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் அல்லாமா இக்பாலின் பெயரைப் பெற்றது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் அமைந்தது. நம் குடும்பங்களிலும் அஞ்சற்காரர் கொண்டுவந்த பாடக்கட்டுகளைக் கொண்டு பட்டம் பெற்ற பெண்கள் உண்டு. அவர்தம் விடைத்தாளைத் திருத்தியவர் எவர் என்பது அவர்களுக்கே தெரியாது.

இணையம் வந்தபின் பள்ளியே கணினிக்குள் புகுந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1997இல் அரசு சார்பில் இணையவழிப் பள்ளியைத் தொடங்கியது. மாணவர் பாடத்தை வெற்றியுடன் முடித்தாலன்றிப் பள்ளிக்கு நிதி இல்லை என்ற முறையும் பின்னர் அங்கு ஏற்பட்டது. பாதியில் நிற்கும் பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, பெற்றோரிடம் பேசி, மீண்டும் பாடத்துக்குக் கொண்டுவருவது அப்பொழுது ஆசிரியரின் கடமையுள் ஒன்றாயிற்று. பின்னர் 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவரின் கல்வி தடைப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. காணாத மாணவருக்குக் கற்பிப்பது எத்துணைக் கடினம் என்பதை அவ்வாண்டில் உலகத்து ஆசிரியர் பெருங்கூட்டம் ஒருங்கே உணர்ந்தது.

இவற்றையெல்லாம் படித்த பின்னர் ஓர் இரவு மாடியறை வாயிலில் நின்று மகளின் வகுப்பைக் கவனித்தேன். ஒரு சிறுவன் நெடுநேரம் பேசாதிருந்தான். அவனுடைய படமும் திரையில் இல்லை. பெயர் மட்டுமே இருந்தது. அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, "தம்பி, கணக்கு இருக்கட்டும். இன்று சாப்பிட்டாயா?" என்றாள். சிறிது நேரம் கழித்து ஒரு மெல்லிய குரல் வந்தது. பாஸ்டன் ஆசிரியை மடலின் வரிகளுக்கிடையே கண்டதையும், பாலைநில ஆசிரியர் குரலின் தயக்கத்தில் உணர்ந்ததையும் இவள் ஒரு வெற்றுச் சதுரத்தில் கண்டுகொண்டாள். வகுப்பு முடிந்தபின் அவள் நள்ளிரவு வரை விடைகளைத் திருத்தினாள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரி எழுதினாள்.

வரலாறு நமக்கு உணர்த்துவது இது: ஏறத்தாழ 180 ஆண்டுகளாக இத்தொழிலை நிலைநிறுத்தியது அஞ்சலோ, வானொலியோ, கணினியோ அன்று, எதிரே இல்லாத ஒரு பிள்ளையை எதிரே இருப்பதாகக் கருதி எழுதப்படும் அந்த இரண்டு மூன்று வரிகளே. அவற்றை எழுதுவோர் பலர் இன்று நம் இல்லங்களில் இருக்கின்றனர். அவர்களுள் நம் பெண்மக்கள் பலர். அறைக்கதவு மூடியிருக்கும் நேரத்தில் அடுக்களை வேலைக்கு அவர்களை அழையாதிருப்போம். அவர்கள் பெறும் ஊதியத்தைக் கைச்செலவுக் காசு என்று குறைத்துப் பேசாதிருப்போம். இல்மைக் கற்பிப்போரைக் கண்ணியப்படுத்திய சமுதாயம் நாம். அக்கண்ணியம் பள்ளிக்கூட வாசலில் நின்றுவிடலாகாது.

உறவினர் அடுத்தமுறை வந்து அதே வினாவைக் கேட்டால், மகள் புன்னகைக்கும் வரை நான் காத்திரேன். "மாடியறையில் பள்ளிக்கூடம் நடக்கிறது; சற்று மெதுவாகப் பேசுங்கள்" என்பேன்.