ஒவ்வாமை அதிர்ச்சியும் குருதிக்கலன்களும்

மாத்தளை மாவட்டத்தில் கடும் ஒவ்வாமைக்கு நன்கறிந்த காரணங்களுள் ஒன்று குளவி, தேனீக் கொட்டு. சிகிரியாக் குன்றின் பாறைமுகத்தில் பெருந்தேனீக்கள் அடை கட்டுகின்றன. கலைந்தால் ஏறுவோரைத் தாக்கும். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போருக்கும் இதே ஆபத்து.

முந்தைய கொட்டினால் ஒவ்வாமை உண்டானவரின் சிறு குருதிக்கலன்களை ஒட்டி, நஞ்சை இனங்காணும் பிறபொருளெதிரிகளை ஏந்திய மாஸ்ட் கலங்கள் இருக்கும். மீண்டும் கொட்டுப்பட்டதும் அவை ஹிஸ்டமின் முதலியவற்றை வெளிவிடுகின்றன. நுண்நாளங்களின் உட்சுவர்க் கலங்கள் சுருங்கி இடைவெளி விட, குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. 10 நிமிடத்தில் குருதிக் கனவளவின் 35 சதவீதம்வரை இழக்கப்படலாம். தோல் தடிக்கும், உதடும் தொண்டையும் வீங்கும். சிறுநாடிகள் விரிந்து குருதியமுக்கம் விழும். நாளங்களில் குருதி தேங்க, இதயம் வெறுமையாகத் துடிக்கும். இந்நிலையில் எழுந்து நிற்பதே உயிரைப் பறிக்கலாம். ஆகவே தலைசுற்றுபவரைச் சிகிரியாப் படிகளில் நடத்தி இறக்கக் கூடாது. கொட்டும் இடத்திலிருந்து அகற்றி, படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுபவர் மட்டும் உட்காரலாம்.

முதல் மருந்து அட்ரினலின்: வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். விரிந்த கலன்களை அது சுருக்குகிறது, கசிவைக் குறைக்கிறது. ஒவ்வாமை மாத்திரை இதற்கு ஈடாகாது. பாம்புக்கடிக்கான எதிர்நஞ்சும் இதே அதிர்ச்சியைத் தூண்டுவதுண்டு. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் ஏற்றினால் அந்த ஆபத்து குறைவதை 2011இல் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது.